மூணாம் நம்பர் போர்ஷனுக்குக் குடிவந்த வீட்டுக்காரம்மா

ஆடி மாசத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். இருக்கிற வீட்டில் எவ்வளவு தொல்லை இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஆடியில், அதுவும் முதல் வெள்ளிக்கிழமையே, ராஜாமணி தன் பெண்டாட்டியையும் பீரோவையும் கூட்டிக்கொண்டு காலி செய்ததைத்தான் கங்கம்மாளால் தாங்க முடியவில்லை.

பீரோ மாட்டுவண்டியில் ஏறிவிட்டது. ராஜாமணியின் மனைவி கடைசிப் பாத்திர மூட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கங்கம்மாள் சக்கரத்தருகே போய் நின்றாள்.

"இன்னாம்மா, இப்டி திடுதிப்னு கெளம்பிட்டீங்க? எதுனா கொறை கீதா? கீதுன்னா வாயத் தொறந்து சொல்லு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. எங்க நாத்தனார் வூட்டாண்ட ஒரு எடம் கெடச்சிது. புள்ளைங்கள பாத்துக்க தோதா இருக்கும்னு…"

"உங்களுக்குத்தான் இன்னும் புள்ளையே இல்லியேம்மா?"

அந்தப் பெண் ஒரு கணம் முழித்தாள். "நாத்தனார் புள்ளைங்கக்கா" என்று சொல்லிவிட்டு, வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதோடு மூன்று போர்ஷனும் காலி.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், கடைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது கங்கம்மாளின் வீடு. பத்து வருஷத்துக்கு மேல் எருமை வைத்துப் பால் ஊற்றியவள் அவள். ஊரில் பாதி டீக்கடைக்கு அவள் வீட்டுப் பால்தான். மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொன்றாக மனைக்கல் முளைக்க ஆரம்பித்ததும், எருமையை எங்கே ஓட்டிக்கொண்டு போவது என்பதே தினசரிக் கவலையாகிவிட்டது. அதே சமயம் தண்டலம் பக்கம் ஒரு டியூப் கம்பெனி வந்தது. தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். பஸ் ஸ்டாப்பில் பெட்டியோடு நின்று, "இங்க வீடு வாடகைக்குக் கிடைக்குமா?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டார்கள். கங்கம்மாள் யோசித்தாள். எருமைகளை விற்றாள். மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் வரிசையாக மூன்று போர்ஷன் கட்டினாள். ஒரு ரூம், ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வெளியே எல்லோருக்கும் பொதுவாக ஒரு குளிக்கிற தட்டி, ஒரு கக்கூஸ், ஒரு அடிபம்பு.

சித்திரையில் பால் காய்ச்சிக் குடிவைத்தாள். ஆடிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். போனவர்கள் யாரும் சண்டை போடவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே, எல்லோரும் ஒரு நாத்தனார் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

புருஷன் நாகப்பன் தாம்பரம் பக்கம் பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து, பூட்டிக் கிடந்த மூன்று கதவுகளையும் பார்த்தான்.

"எரும இங்க வருஷக் கணக்கா இருந்துது. ஒரு நாளும் வேற வூடு பாக்கல. மனுஷன் மூணு மாசம் தாங்க மாட்றான். இன்னாமே ரகசியம்?"

"கிண்டல் பண்ணாதய்யா. எனக்கே வயித்தெரிச்சலா கீது."

"வாடகைய கொறச்சிப் பாரேன்."

"வாடகை ஜாஸ்தின்னு யாரும் சொல்லலியே. நம்ம வாடகைதான் இந்தத் தெருவுலயே கம்மி. ராஜாமணி போற எடத்துல இதவிட ஜாஸ்தியாம், வண்டிக்காரன் சொன்னான். ஜாஸ்தி குடுத்துகினு போறான்னா, இங்க இன்னாவோ கீது. எனக்குத்தான் தெரியல."

அன்று சாயங்காலம் முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் ஒரு பாய், ஒரு தலையணை, மண்ணெண்ணெய் ஸ்டவ், நாலு பாத்திரம், இரண்டு குடம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, ராஜாமணி காலி செய்த மூன்றாம் நம்பர் போர்ஷனுக்குப் போனாள்.

"எங்க கெளம்பிட்டே?" என்றான் நாகப்பன்.

"குடித்தனம் போறேன். ஆடி முடியற வரைக்கும் எப்டியும் யாரும் வூடு கேட்டு வரப் போறதில்ல. அது வரைக்கும் நானே இருந்து பாக்கறேன்."

"சொந்த வூட்ட பூட்டிட்டு சொந்த வூட்லயே குடிக்கூலிக்குப் போறவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்."

"பூட்டல. நீ அங்கியே இரு. சோத்துக்கு மட்டும் இங்க வா."

முதல் நாள் காலையிலேயே அவளுக்கு ஒரு சிக்கல் வந்தது. புடவையை மாற்றினாள். அவிழ்த்த புடவையை எங்கே போடுவது? சுவரில் ஒரு கொக்கி இல்லை. கொடி கட்டலாம் என்றால் கட்ட ஆணி இல்லை. ஆணி அடிக்கக் கூடாது என்று மூன்று குடித்தனத்துக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தவள் அவள்தான்; சுவர் இன்னும் புதுசு, பூச்சு பெயர்ந்துவிடும். சுத்தியலையும் ஆணியையும் எடுத்து வந்து சுவருக்கு எதிரே வெகுநேரம் நின்றாள். மனசு வரவில்லை. கடைசியில் புடவையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். ராஜாமணியின் மனைவி ஜன்னல் கம்பியில் துணி மாட்டி வைத்திருந்ததும், 'பாக்க நல்லாவா கீது, எடும்மா' என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது.

ஸ்டவ்வைப் பற்ற வைத்தால் மண்ணெண்ணெய்ப் புகை போக வழியில்லை. சமையலறைக்கு ஜன்னல் வைக்காமல் விட்டதும் அவள்தான். ஒரு ஜன்னல் மிச்சம் என்று அப்போது சந்தோஷப்பட்டிருந்தாள். தாளித்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தாள்.

மத்தியானம்தான் உண்மையான கொடுமை. ஷீட் காய்ந்து, சூடு கீழே இறங்கியது. பாயில் படுத்தவள் புரண்டாள், தரையில் தண்ணீர் தெளித்தாள், முந்தானையால் விசிறினாள். ராஜாமணிக்குப் பாதி மாதம் நைட் ஷிப்ட். விடிந்து வந்து பகலில் தூங்க வேண்டியவன். இந்தச் சூட்டில் அவன் எப்படித் தூங்கியிருப்பான்? தூங்கியிருக்க மாட்டான். அதனால்தான் எப்போதும் கண் சிவந்து, கூப்பிட்ட குரலுக்கு ஒரு கணம் தாமதமாகத் திரும்பிப் பார்ப்பான் போலிருக்கிறது. 'ஆளு குடிப்பானோ?' என்று தான் சந்தேகப்பட்டது இப்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

குளிக்கிற தட்டி இன்னும் மோசம். அதற்குக் கதவு இருந்தது, கொண்டி இல்லை. போதாக்குறைக்கு அது முன்வீட்டுப் பின்வாசலைப் பார்த்த மாதிரி இருந்தது. குளிக்கும்போது ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நாகப்பன் அதைப் பார்த்துவிட்டு, வாயில் பல்பொடி நுரையோடு சிரித்தான்.

இத்தனையும் தெரிந்த பிறகும் அவள் மனசு ஒப்பவில்லை. சூடு, புகை, கொண்டி இதெல்லாம் வாடகை வீடு என்றால் எங்கேயும் உள்ளதுதானே? இதற்காகவா ஆடியில் ஓடுவார்கள்?

நாகப்பனுக்கு வார லீவு வந்தது. அவள் அவனைக் கூப்பிட்டாள்.

"யோவ், இன்னிக்கு நீ ஓனரு. நான் குடித்தனக்காரி. நான் ஓனரா இருக்க சொல்ல எப்டி இருப்பேனோ, அப்டியே இரு. பாக்கலாம்."

"அப்டியே இருக்கணுமா?"

"அப்டியே."

நாகப்பனின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அவள் உள்ளே போய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. நாகப்பன் பதிலுக்குக் காத்திராமல் பாதி உள்ளே வந்து நின்றான்.

"இன்னாம்மா, இன்னிக்கு இன்னா கொழம்பு?"

"சாம்பாரு."

"சாம்பாருக்கு எதுக்கு இவ்ளோ பொக? செவுரு கருத்துடும், பாத்துக்க." போய்விட்டான்.

பருப்பு வேகுவதற்குள் மறுபடியும் வந்தான். "பகல்ல எதுக்கும்மா வெளக்கு? கரண்ட் சும்மாவா வருது?" லைட்டை அவனே அணைத்துவிட்டுப் போனான். அவள் சாப்பிட உட்கார்ந்தாள். ஜன்னலில் முகம் தெரிந்தது. "காலைல ஒரு சைக்கிள் நின்னுகினு இருந்துதே, யாருது? சொந்தமா? எந்த ஊரு? ராத்திரி தங்குவாங்களா?" பாத்திரம் கழுவ அடிபம்புக்குப் போனாள். பின்னாலேயே வந்தான். "மெதுவா அடிம்மா, வாஷர் தேஞ்சிடும். பொம்பளைங்க கைல பம்பு குடுத்தா அவ்ளோதான்." திரும்பி வந்து படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ அலறியது; அதோடு உரலில் மிளகாய் இடிக்கிற சத்தம். மிளகாய் கூட இல்லை, வெறும் உரலைத்தான் இடித்துக்கொண்டிருந்தான். கண் அசரும் நேரத்தில் மறுபடியும் கதவு. பஸ்ஸில் படிக்கட்டில் நிற்கிறவனை உள்ளே அனுப்புகிற அதே குரலில், "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் வந்தேன். செவுத்துல ஆணி கீணி அடிச்சிருக்கியான்னு பாத்துட்டுப் போலாம்னு" என்றான்.

கங்கம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். கோபத்தில் மூக்கு விடைத்தது.

"யோவ்! நான் இப்டியா பண்ணேன்? மனுஷி ஒருத்தி ஒரு வாய் சோறு துன்ன முடியல, கண்ண மூட முடியல. நான் இப்டியா?"

"இல்ல."

"அப்றம்?"

"நீ பண்றதுல பாதிதான் நான் பண்ணேன். மீதி ஞாபகம் வரல."

அவள் தலையணையைத் தூக்கி அடித்தாள். அது அவன் மார்பில் பட்டு விழுந்தது. பிறகு அவளே சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் நல்லதுக்குத்தானய்யா கேட்டேன். பக்கத்துல இருக்கறவங்க, ஒரு வார்த்தை கேக்கறதுல இன்னா தப்புன்னு."

நாகப்பன் வாசற்படியில் உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது. "எருமைக்கு வைக்கல் போட்டுட்டு, துன்னுதா, துன்னுதான்னு திரும்பித் திரும்பி எட்டிப் பாப்பியே, அதே மாதிரிதான் இவங்களையும் பாத்துகினு இருந்தே. எருமைக்கு அது புடிக்கும். மனுஷனுக்கு ஒத்து வராது."

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் கொத்தனார் எல்லப்பனைக் கூப்பிட்டனுப்பினாள். முன்வீட்டு வாசலுக்கு மயில் போட்ட இரும்பு கேட் வைக்க வேண்டும் என்று எருமை விற்ற பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தாள். மயில் இருக்கட்டும் என்று விட்டாள். சமையலறைக்கெல்லாம் ஜன்னல் வைக்கச் சொன்னாள். ரூமுக்குள் ஒரு பக்கச் சுவர் முழுக்க மரச்சட்டம் பதித்து, அதில் வரிசையாகக் கொக்கி அடிக்கச் சொன்னாள். யாரும் ஆணி அடிக்கத் தேவை வராது. தட்டியைப் பிரித்து, வேறு பக்கம் பார்த்த மாதிரி செங்கல்லில் பாத்ரூம் கட்டி, உள்பக்கம் கொண்டி. கக்கூஸ் இரண்டு. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி சப் மீட்டர். லைட் எரிவதை இனி யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கடைசியாக, ஷீட்டுக்கு மேலே கனமாகத் தென்னங்கீற்று வேயச் சொன்னாள்.

எல்லப்பன் தலையைச் சொறிந்தான். "வாடகைக்கு வுடற வூட்டுக்கு யாரும் இவ்ளோ செய்ய மாட்டாங்கக்கா. ஷீட்டுக்கு மேல கூரையா? துட்டு வேஸ்ட்டு."

"உள்ள போயி ஒரு தூக்கம் போட்டுட்டு வா. அப்றம் சொல்லு."

மத்தியான வெயில். எல்லப்பன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். போன சுருக்கில் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். "கீத்து எத்தினி கட்டு வேணும்னு பாக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

இதெல்லாம் போக, அவள் மனசே இல்லாமல் செய்த வேலை ஒன்று உண்டு. பக்கத்துச் சந்துப் பக்கம் வேலியைப் பிரித்து, போர்ஷன்காரர்களுக்கென்று தனிவழி விட்டாள். இனி அவர்கள் எப்போது போகிறார்கள், எப்போது வருகிறார்கள், கையில் என்ன பை, கூட யார் என்று முன்வீட்டிலிருந்து பார்க்க முடியாது. வேலியைப் பிரித்த அன்று அவள் இரண்டு தடவை வந்து, "கொஞ்சம் சின்னதா வுடேன்" என்று எல்லப்பனிடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளே, "வேணாம், பெருசாவே வுடு. பீரோ நொழையணும்" என்றாள்.

ஆவணி பிறந்தது. முதலில் வந்தது புரோக்கர் பாபு. கூடவே ஒரு லேபர் கான்ட்ராக்டர். மூன்று போர்ஷனையும் அவரே மொத்தமாக எடுத்துக்கொள்வாராம். கேட்கிற வாடகையைவிட ஜாஸ்தி தருவாராம். ரூமுக்கு ஏழெட்டுப் பேர் தங்க வைப்பாராம். நாகப்பனுக்குக் கண் விரிந்தது. கங்கம்மாள் அந்த ரூமில் ஒரே ஆளாகப் படுத்துப் புரண்டவள். எட்டுப் பேர் அங்கே எப்படிப் படுப்பார்கள், காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் பாத்ரூம் வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"வேணாங்க. எட்டு பேரு இருந்தா வூடு ஒரு வருஷத்துல ஒண்ணுமில்லாம பூடும். அவங்களுக்கும் நிம்மதி இருக்காது."

"அக்கா, வர்ற லச்சுமிய வேணாங்கறியே" என்று பாபு முனகிக்கொண்டே போனான்.

அடுத்த வாரம் டெனிசன் வந்தான். நாசரேத் பக்கம் ஊர். டியூப் கம்பெனியில் ஆபரேட்டர். கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான். மனைவி ஜெர்சி கூட வந்திருந்தாள். ஒல்லியாக, பேசும்போது கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற பெண். மே மாதம் தேர்தல் கூட்டத்தில் அந்தக் குண்டு வெடித்ததற்கு அப்புறம் ஊருக்குள் புதுமுகம் என்றாலே எல்லோரும் இரண்டு தடவை பார்க்கிற காலம். போன நாலு வீட்டில் வெளியூர்க்காரர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நாகப்பன் டெனிசனைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போய், சூப்பர்வைசரிடம் பேசிவிட்டு வந்தான். முத்திரைத்தாளில் அக்ரிமெண்ட் போட்டு, ஊர் விலாசத்தையும் எழுதி வாங்கிக்கொண்டான். இதெல்லாம் ஒரு தடவை கேட்டுவிட வேண்டியது, அப்புறம் கேட்கக் கூடாது என்று கங்கம்மாளும் அவனும் பேசி வைத்திருந்தார்கள்.

இதற்கிடையில் அவள் ஜெர்சிக்கு வீட்டைக் காட்டினாள்.

"இதோ பாரும்மா, மொதல்ல கொறைய சொல்லிடறேன். பம்புத் தண்ணி கொஞ்சம் உப்பு கரிக்கும். சோறு வடிக்கலாம், பருப்பு வேவ லேட்டாவும். எதிர்ல மாவு மில்லு. சாயங்காலம் சத்தம் இருக்கும். மழைக்கு இந்தத் தெக்கு மூல ஒழுவும்னு எனக்கு ஒரு சந்தேகம். இன்னும் பெரிய மழை பாக்கல. ஒழுவுனா ஒடனே வந்து சொல்லணும். நானா வந்து கதவத் தட்ட மாட்டேன்."

ஜெர்சி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நாலு வீடு பாத்துட்டு வாரோம்மா. ஒரு வீட்டுக்காரங்களும் குறையச் சொல்லல. எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லுதாங்க." கொஞ்சம் தயங்கினாள். "கருவாடு பொரிக்கலாமா?"

இன்னா கருவாடு என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கங்கம்மாள் அதை விழுங்கினாள். "உன் அடுப்பு, உன் கருவாடு. ஜன்னல் வச்சிருக்கேன், பாத்தியா?"

அவர்கள் முதல் போர்ஷனுக்கு வந்தார்கள். இரண்டாவதில் கம்பெனியிலேயே வேலை செய்கிற இரண்டு இளவட்டங்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்கு விடாதே என்று தெருவே சொன்னது. அவள் அவர்களையும் விசாரித்துத்தான் விட்டாள். இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட். ஒருவன் தூங்கும்போது மற்றவன் இருக்க மாட்டான். அந்த வரிசையிலேயே சத்தம் குறைவான வீடு அதுதான் என்று ஆயிற்று.

கதவைத் தட்டாமல் இருப்பதுதான் கங்கம்மாளுக்குப் பெரும்பாடாக இருந்தது. கருவாட்டு வாசனை வரும்; நெத்திலியா, வாளையா என்று தெரியாமல் தவிப்பாள். சந்துப் பக்கம் பேச்சுக் குரல் கேட்கும், எழுந்திருப்பாள், உட்கார்ந்துவிடுவாள். "கால கட்டிப் போடட்டுமா?" என்பான் நாகப்பன். மிளகாய் இடிக்கிற வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். மாவு மில் ஓடுகிற நேரத்தில் இந்தச் சத்தம் யாருக்கும் தெரியாது.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. ரோட்டோர வயலெல்லாம் ஏரி மாதிரி ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் முன்வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். தலையில் சாக்கு போட்டுக்கொண்டு ஜெர்சி நின்றாள்.

"அம்மா, ஒழுகுது. நீங்க சொன்ன மூலையில இல்ல. இந்தப் பக்கம், கட்டிலுக்கு நேரா. அவரு வேலைக்குப் போயிட்டாரு. நீங்க சொல்லச் சொன்னீங்களே, அதான் வந்தேன்."

கங்கம்மாளுக்கு வருத்தம் வருவதற்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது. இத்தனை மாதத்தில் ஒரு குடித்தனம் தானாக வந்து, சிரித்து மழுப்பாமல், இன்ன இடத்தில் இன்ன குறை என்று அவள் வாசலில் நின்று சொல்வது இதுதான் முதல் தடவை. "ஒழுவுதா? நெஜமாவா?" என்று அவள் கேட்ட தோரணையைப் பார்த்து ஜெர்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போய்ப் பார்த்தார்கள். காற்றில் கீற்று விலகி, அடியில் ஷீட் ஒன்று விரிசல் விட்டிருந்தது. இரண்டாவது போர்ஷன் பையன்களில் வீட்டில் இருந்தவன் ஏணி பிடித்தான். நாகப்பன் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கூரை ஓரம் வரை ஏறிவிட்டு, "மேல ஏற எடம் இல்ல, அடுத்த வண்டில வாங்க" என்று கத்தினான். கட்டிலையும் துணிமணியையும் முன்வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். மழை நின்று எல்லப்பன் வந்து புது ஷீட் போடுகிற வரைக்கும் டெனிசனும் ஜெர்சியும் முன்வீட்டுக் கூடத்திலேயே தங்கினார்கள்.

அந்த நாலைந்து நாளில் வீடு கலகலவென்று இருந்தது. டெனிசன் ஷிப்ட் முடிந்து வந்ததும் நாகப்பனோடு உட்கார்ந்து சீட்டு ஆடினான். ஜெர்சி கங்கம்மாளுக்குக் கருவாட்டுக் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றிக் காட்டினாள், அது வாளைதான். கேட்காமலேயே தெரிந்துவிட்டதில் கங்கம்மாளுக்குத் தனி நிம்மதி. அவர்கள் தங்கள் போர்ஷனுக்குத் திரும்பிப் போனதும் பெரிய வீடு வெறிச்சென்று ஆயிற்று. மகள் செந்தாமரையை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்ததிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிய கூடம் எதற்கு என்று கங்கம்மாள் முதல் தடவையாக யோசித்தாள்.

யோசித்துக்கொண்டிருந்தபோதே அன்னபுஷ்பம் டீச்சர் வந்தாள். புருஷன் லூர்துராஜ் டியூப் கம்பெனிக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர். இரண்டு பிள்ளைகள், மாமியார், நிறைய சாமான். இவர்களுக்கு ஒற்றை ரூம் எப்படிப் போதும்? மூன்றாவது போர்ஷனை எட்டிப் பார்த்துவிட்டு டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள்.

"வீடு சுத்தமா இருக்குங்க. ஆனா எங்களுக்குப் பத்தாது. வேற எங்கயாவது பெரிய வீடு இருந்தா சொல்லுங்க."

"கீது" என்றாள் கங்கம்மாள். "இதோ, முன்னால கீதே, இதுதான்."

நாகப்பன் அப்போது ஷேவ் செய்துகொண்டிருந்தான். கன்னத்தில் சோப்போடு எழுந்து வந்தான். டீச்சர் போனதும் பிடித்துக்கொண்டான்.

"இன்னாமே, நம்ம வூட்டயே வாடகைக்கு வுட்டுட்டு நாம எங்க போறது?"

"மூணாம் நம்பரு காலியாத்தான கீது."

"நான் ஓனருடி! ஓனரு போயி ஷீட்டு வூட்லயா இருப்பான்?"

"நீ ஓனரா இருந்த அழகத்தான் ஒரு நாள் பாத்தேனே. யோவ், யோசிச்சிப் பாரு. நான் அங்க இருந்த வரைக்கும் எனக்குப் பெருக்க ஒரே ரூம்தான். பெரிய வூட்டு வாடகை மூணு போர்ஷனுக்கும் மேல வரும். இன்னும் ரெண்டு வருஷத்துல இங்க இன்னும் எத்தினி கம்பெனி வருமோ. பின்னால எடம் கீது, ரெண்டு போர்ஷன் எழுப்பலாம். அப்றம் நமக்குன்னு ஒண்ணு மாடில கட்டிக்கலாம், காத்தோட்டமா."

நாகப்பன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மீதிக் கன்னத்தைச் சிரைத்தான். அது அவன் சம்மதிக்கிற விதம்.

மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் கார்த்திகைக்குள்ளேயே மாறிவிட்டார்கள். பீரோ சந்து வழியாகத் தாராளமாக நுழைந்தது. ஜெர்சியும் அந்தப் பையன்களும் சாமான் தூக்க வந்தார்கள். முன்வீட்டில் டீச்சர் வந்த முதல் வாரமே தேங்காய் எண்ணெய் வாசனையோடு பிள்ளைகள் டியூஷனுக்கு வரிசையாக உட்கார்ந்தார்கள். பெருக்கல் வாய்ப்பாடு சந்து வரைக்கும் கேட்டது.

மூன்றாம் நம்பரில் கங்கம்மாளுக்கு ஒரு வசதி கிடைத்தது. அவள் யார் கதவையும் தட்டவில்லை. ஆனால் அடிபம்படியில் எல்லோரும் ஒன்றாகத் தண்ணீர் பிடிக்கும்போது பேச்சு தானாக நடந்தது. அங்கே அவளும் ஒரு குடத்தோடு வரிசையில் நிற்கிறவள்தான். யார் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்கலாம், அவளையும் கேட்டார்கள். எந்தக் கொண்டி ஆடுகிறது, எந்த லைட் மினுக்குகிறது என்பதெல்லாம் அங்கேயே அவள் காதுக்கு வந்துவிட்டது.

தை பிறந்ததும் பின்பக்கம் அஸ்திவாரம் தோண்டினார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள், படப்பையிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வீடு கேட்டு வந்தார்கள். பெரிய வீட்டு வாசலில் நின்ற டீச்சரை வீட்டுக்காரம்மா என்று நினைத்துக் கேட்டார்கள். "பின்னால மூணாவது போர்ஷன்ல கேளுங்க" என்று டீச்சர் கையைக் காட்டினாள். அவர்கள் சந்து வழியாக வந்தபோது கங்கம்மாள் குந்தி உட்கார்ந்து, அஸ்திவாரத்துக்கு வந்த செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடித்தனக்காரியிடம் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க்கா, நீங்க இங்கதான குடியிருக்கீங்க? வூட்டுக்காரம்மா எப்டி? நச்சு புடிச்சவங்களா?"

அடிபம்படியில் நின்றிருந்த ஜெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"வாய் கொஞ்சம் ஜாஸ்திம்மா. ஆனா இப்ப எவ்வளவோ தேவல. ஒழுவுதுன்னு சொன்னா ஒடனே ஆள் கூட்டியாருவா. உள்ள வா, காட்டறேன். இந்தப் புது ரூமுக்கு எங்க ஜன்னல் வேணும்னு நீயே சொல்லு. செவுரு எழும்பறதுக்குள்ள சொன்னாதான் வசதி."